உப்புத் தண்ணீர்க் கேள்விகள்

வீடுகளில் பவளத் தொட்டிகளைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "என்ன மருந்து ஊற்றலாம்?" என்றே கேட்டிருந்தன. பலருக்கும் என் பதில் "ஒன்றும் ஊற்றாதீர்கள்" என்பதுதான். அதை மட்டும் எழுதினால் ஆசிரியர் பக்கத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். எனவே கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பல வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். இப்போது கடல் தொட்டி மேல் ஆசை. கை பழகும்வரை 30 லிட்டரில் தொடங்கி, பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமா?

தலைகீழாக யோசிக்கிறீர்கள். கடல்நீரில் சின்னத் தொட்டிதான் கை தேர்ந்தவர்களுக்கானது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே நின்றுவிடும். 30 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36-ஐத் தாண்டிவிடும். 200 லிட்டரில் அதே ஒரு லிட்டர் போனால் மானியில் அசைவே தெரியாது. கல்லுக்குப் பின்னால் ஒரு நத்தை செத்துக் கிடந்தாலும் இதே கதைதான்: பெரிய தொட்டி தாங்கிக்கொள்ளும், சின்னத் தொட்டி நாறிவிடும்.

120 முதல் 200 லிட்டருக்குள் ஒன்றைப் பாருங்கள். 200 லிட்டர் கடல்நீர் மட்டுமே ஏறக்குறைய 205 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் அதற்கு மேல். தாங்கும் மேசையை முதலில் செய்துவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு தொட்டியை ஏற்றுங்கள்.

எல்லோரும் விளக்கில் பணத்தைக் கொட்டிவிட்டு மற்றதற்குக் கை பிசைகிறார்கள். பவளம் வருவதற்கே மாதங்கள் ஆகும், விளக்கு காத்திருக்கட்டும். முதலில், நீரில் கரைந்திருப்பதையெல்லாம் நீக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டி. அடுத்து, உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். அதை 35 என்று குறித்த திரவம் விட்டுச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிற கருவி 35-இல் பொய் சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன். மூன்றாவது, ஆவியாகிற அளவுக்குத் தானாகவே நீர் விடும் மிதவைக் கருவி. அது விடவேண்டியது உப்பில்லாத ஆர்ஓ நீர். உப்புநீரை நிரப்பி வைத்துவிட்டு "உப்பு ஏறிக்கொண்டே போகிறதே" என்று கேட்டவர்கள் உண்டு.

குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கி உபயோகிக்கக் கூடாதா? கடற்கரை பக்கத்திலேயே இருந்தால் கடல்நீரையே எடுத்து வரலாமே?

குளோரின் போய்விடும், செம்பு, பாஸ்பேட், சிலிகேட் போகாது. நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு விஷம். மற்ற இரண்டும் பாசிக்கு விருந்து. வடிகட்டியின் கடைசிக் கட்டமான டிஐ ரெசின் தாண்டி வரும் நீரில், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். அது 1, 2 என்று ஏறத் தொடங்கினாலே ரெசினை மாற்றிவிடுங்கள்.

கரையோரக் கடல்நீர் வேண்டாம். மழை பெய்தால் உப்பு குறையும், சாக்கடையும் படகு எண்ணெயும் கலக்கும். தவிர, வாளியில் வரும் நுண்ணுயிர்கள் செத்து அழுகும். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, நிச்சயமாகச் சுத்தமான இடத்தில் அள்ளினால் கதை வேறு. அப்படி அள்ளி வர உங்களிடம் படகு இருக்கிறதா?

உப்புக்கலவையை லிட்டருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம் கணக்கில் தனிப் பீப்பாயில் கரையுங்கள். உள்ளே மோட்டார் ஓடட்டும். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து கரையாமலே நின்றுவிடும்.

தொட்டி நிரப்பிப் பத்து நாள் ஆகிறது. தண்ணீர் பளிங்கு போல இருக்கிறது. மீன் விடலாமா?

அம்மோனியாவுக்கு நிறமில்லை, ஐயா. பளிங்கு போன்ற தண்ணீரிலும் மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மீனைப் பலியாக்க வேண்டியதில்லை. பாட்டிலில் கிடைக்கும் அம்மோனியம் குளோரைடு விட்டு 2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு, அளவுக்கு ஏற்றுங்கள். அது 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். அன்றைக்கு ஒரே ஒரு மீன் விடலாம். நான்கு அல்ல.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்க்கற்கள், காற்றுக் குமிழி, வெயில் இவ்வளவை மட்டும் வைத்துப் பவளம் வளர்த்துக் காட்டினார். பின்னால் பெர்லின்காரர்கள் அதே கற்களோடு, நுரையோடு கழிவை இழுத்தெடுக்கும் ஸ்கிம்மரையும் பலமான விளக்கையும் சேர்த்தார்கள். இன்று நாம் வைப்பதெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். கல்லின் மேற்பரப்பில் அம்மோனியா தின்னும் பாக்டீரியா. உள்ளே ஆக்சிஜன் எட்டாத நுண்துளைகளில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியா. எனவே கல்லைச் சுவர் மாதிரி அடுக்காதீர்கள். பின்னாலும் அடியிலும் நீர் ஓட வழி விட்டு, குகை குகையாக அடுக்குங்கள்.

ஆறு வாரம் முடிந்த பிறகு உங்களுக்குச் சோதனை தொடங்கும். மணல் பழுப்பாகும், அது டயாட்டம் என்ற நுண்பாசி. பிறகு கல்லில் பச்சை முடி முளைக்கும். சில தொட்டிகளில் சிவப்புச் சவ்வு போர்த்தும், அது சயனோபாக்டீரியா. இந்த வேளையில்தான் பலர் பயந்து மருந்துக் கடையைத் தொட்டிக்குள் கவிழ்க்கிறார்கள். நத்தைகளை விடுங்கள், கையால் பிடுங்குங்கள், தீனியைக் குறையுங்கள், வாரம் ஒருமுறை பத்து சதவீதம் நீர் மாற்றுங்கள். கல்லில் ஊதாப் புள்ளிகள், அதாவது கோரலைன் பாசி, தெரிய ஆரம்பித்தால் தொட்டி உங்களுக்குச் சம்மதம் சொல்லத் தொடங்கிவிட்டது.

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன். இருந்தும் பவளம் வெளிறுகிறது. மணல் மேல் குமிழி கோத்த பழுப்புச் சளி. என்ன தவறு?

அந்த இரண்டு பூஜ்யங்கள்தான்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நல்ல ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சி, பாசி வளர்க்கும் அறை, பாக்டீரியாவுக்கு ஊட்டும் கார்பன் திரவம், இவ்வளவையும் இரண்டே மீன் உள்ள தொட்டியில் ஓட்டுகிறீர்கள். பவளத்தின் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. ஒளியில் அது சமைக்கும் சர்க்கரைதான் பல பவளங்களுக்குப் பெரும்பகுதிச் சாப்பாடு. அந்தப் பாசிக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். கடல் திட்டுகளில் இவை நீரில் குறைவுதான். ஆனால் அங்கே மீன் கூட்டங்களின் கழிவும் மிதவை உயிர்களும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். உங்கள் தொட்டியில் அதுவும் இல்லை.

மற்ற பாசிகள் பட்டினியில் ஒதுங்கியதும் காலியான இடத்தைப் பிடித்துக்கொள்வது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். குமிழி கோத்த நூல் நூலான சளி, பகலில் தடித்து இரவில் மெலிவது, நத்தைகள் சாவது, இவையெல்லாம் அதையே காட்டுகின்றன. சின்ன நுண்ணோக்கி கிடைத்தால் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். துளி வடிவத்தில் ஓரிடத்தில் நின்று சுற்றினால் அதில் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை. அது இரவில் நீரில் மிதந்து வரும். அதனால் தொட்டி நீரையே இழுத்துத் தள்ளும் புறஊதா விளக்கு அதைப் பிடிக்கும். மணலிலேயே படுத்துக் கிடக்கும் வகைகளுக்கு அந்த விளக்கால் பயன் குறைவு.

கார்பன் திரவத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். தீனியைக் கூட்டுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் வரைக்கும், பாஸ்பேட் 0.05-இலிருந்து 0.1 வரைக்கும் மெல்ல ஏறட்டும். இது தீர வாரக்கணக்கில் ஆகும். இடையில் நீரை அதிகமாக மாற்றினால் திரும்பவும் பட்டினிதான்.

பூஜ்யம் என்று பெருமையாகச் சொல்கிறவர் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். 10 பிபிஎம் நைட்ரேட்டோடு வருடக்கணக்கில் செழித்து நிற்கும் தொட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன.

பிஹெச் 7.9-தான் காட்டுகிறது. பிஹெச்சை ஏற்றும் பஃபர் ஊற்றினால் ஏறி, மறுநாள் பழையபடி இறங்கிவிடுகிறது.

சன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பாருங்கள். அடைத்த அறையில் நாம் விடும் மூச்சின் கரியமில வாயு நீரில் கரைந்து பிஹெச்சை இறக்கும். ஸ்கிம்மர் காற்று இழுக்கும் குழாயை வெளிக்காற்றுக்கு நீட்டினாலும் ஏறும். 7.9 ஆபத்தான எண் இல்லை. அதைத் துரத்தி ஊற்றிய பஃபர் ஆல்கலினிட்டியை, அதாவது நீரின் கார்பனேட் இருப்பை, எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதுதான் என் கவலை. இன்றே அளந்து பாருங்கள்.

கல்பவளம் எலும்பு கட்ட வேண்டியவை கால்சியமும் கார்பனேட்டும். ஆல்கலினிட்டி அதன் அலகான டிகேஹெச்சில் 7 முதல் 11-க்குள், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1,300-ஐ ஒட்டி இருந்தால் போதும். 8-ஆ 9-ஆ என்று சண்டை போடவே வேண்டாம். எந்த எண்ணோ, அதிலேயே நிற்கட்டும். நாளுக்கு ஒரு டிகேஹெச்சுக்கு மேல் நகர்ந்தால் குச்சிப் பவளங்களின் நுனி கருகும், சதை உரியும்.

மென்பவளம் மட்டும் உள்ள சின்னத் தொட்டிக்கு வாராந்தர நீர் மாற்றமே தாதுவை ஈடுகட்டிவிடும். கல்பவளம் பெருகிய பிறகு, எதுவும் சேர்க்காமல் மூன்று நாள் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டி அளந்து, தினமும் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த அளவைத்தான் தினமும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கால்சியக் கரைசலையும் கார்பனேட் கரைசலையும் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகி மோட்டாரில் ஒட்டும். எனக்குச் சம்பாத்தியம் வருவதே அந்த மோட்டார்களால்தான் என்றும் சொல்லலாம்.

என் மகளுக்குக் க்ளவுன் மீன், அது குடியிருக்கும் கடல் சாமந்தி, நீல டேங் என்ற மீன் ஆக மூன்றும் வேண்டுமாம். தொட்டி 150 லிட்டர், மூன்று மாதம் ஆகிறது.

க்ளவுன் மீன்: தாராளமாக. தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சுகளாக, ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக வாங்குங்கள். எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். ஜோடியில் ஆதிக்கம் செலுத்துவது பெண்ணாகிவிடும். இதை மகளிடம் சொல்லுங்கள், கேள்விகளுக்குப் பஞ்சமே இருக்காது.

கடல் சாமந்தி, அதாவது அனிமோன்: இப்போது வேண்டாம். நிலைத்துப்போன தொட்டியில்தான் அது பிழைக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம். ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. பிடிக்காத இடமென்றால் கிளம்பி நடக்கும். போகிற வழியில் பவளங்களைச் சுட்டுவிடும். மோட்டாரில் சிக்கினால் தொட்டி முழுவதும் நஞ்சாகும். அது இல்லாமலே க்ளவுன் மீன் சுகமாக வாழும். ஏதாவது ஒரு மென்பவளத்தையோ மூலையையோ பிடித்துக்கொண்டு தன் வீடு என்று காவல் காக்கும்.

நீல டேங்: கிடையாது, அம்மா. உள்ளங்கைக்குள் அடங்கும் அழகுக் குஞ்சாகத்தான் விற்பார்கள். ஆனால் 30 சென்டிமீட்டர் வரை வளரும், நாள் முழுக்க நீந்தித் திரியும் மீன் அது. 150 லிட்டர் அதற்குச் சிறை. குழந்தை அழுதால் அழட்டும்.

மாண்டரின் மீனைப் புதுத் தொட்டியில் விடலாமா?

வேண்டாம். கல்லில் ஓடும் கோப்பிபாட் பூச்சிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும் மீன். புதுத் தொட்டியில் அவை சீக்கிரமே தீர்ந்து, கண்ணெதிரே வயிறு ஒட்டிச் சாகும்.

கல் முழுக்கப் பவளம் போன்ற ஸூவாந்திட் படர்ந்துவிட்டது. கல்லை எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டால் ஒழியுமா?

எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே தபாலில் பதில் போட்டேன். ஸூவாந்திட், முக்கியமாகப் பாலித்தோவா இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. கடல் உயிர்களில் காணப்படும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. கொதிக்க வைத்தால் ஆவியோடும் திவலையோடும் நெஞ்சுக்குள் போகும். இப்படிச் செய்து குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. சுடுநீர், தூரிகைத் தேய்ப்பு, காற்றழுத்தப் பீச்சல் எதுவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கல்லை ஈரத்தோடு அப்படியே எடுத்து, அதை வளர்க்க விரும்பும் அனுபவசாலி யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் எந்தத் தொட்டிக்குள்ளும் கை விடாதீர்கள். கை விட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள். காய்ச்சல், நெஞ்செரிச்சல், மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும், பவளத்தைத் தொட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

மீன் மேல் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. செம்பு மருந்து விடலாமா?

பவளம் இருக்கும் தொட்டியில் கூடவே கூடாது. செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். கல்லுக்குள் ஊறிக்கொண்டு பிறகும் கசியும்.

நீங்கள் சொல்வது கிரிப்டோகேரியான். அந்த ஒட்டுண்ணி சில நாள் மீன் தோலுக்கடியில் இருந்துவிட்டு, உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று பலர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். எல்லா மீனையும் பிடித்துத் தனித் தொட்டியில் வைத்துச் செம்பு மருந்தை அளவு சோதித்துக்கொண்டே கொடுங்கள். முதன்மைத் தொட்டி மீன் இல்லாமல் கிடக்கட்டும். இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 76 நாள். மீனில்லாமல் ஒட்டுண்ணி பட்டினியில் ஒழியும். பவளத்துக்கு அதனால் கேடில்லை.

இதற்குத்தான் புது மீனை நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கச் சொல்வது. ஒருவர்கூடச் செய்வதில்லை.

மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும்?

மீன் அடர்ந்த தொட்டி சில மணி நேரத்திலேயே திணறும். முதலில் தீர்வது ஆக்சிஜன். வெப்பம் அடுத்த கவலை. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். அலைமோட்டாருக்கே பேட்டரி வைத்தால் இன்னும் நல்லது. தீனி போடாதீர்கள். நீர் சூடேறினால் உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியபடி மிதக்க விடுங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. தொட்டி வைத்த முதல் நாளே மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து திரும்பி வழியும் நீர் முழுவதும் கீழேயுள்ள சம்ப் என்ற துணைத் தொட்டியில் அடங்குகிறதா? அடங்காவிட்டால் பகலிலேயே தெரிந்துகொள்வது தரைக்கு நல்லது. புது வீட்டுக்குப் போனால் நான் மீனைப் பார்ப்பதற்கு முன் கீழ் அலமாரியைத் திறந்து சம்பைத்தான் பார்ப்பேன்.

பவளத்தைக் கடலிலிருந்து பிடுங்கி வீட்டில் வைப்பது தர்மமா?

கேட்க வேண்டிய கேள்வி. பிடுங்கியதாக இருந்தால் என் பதில், வேண்டாம். எல்லாக் கல்பவளங்களும், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. சில நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியே வாங்க வேண்டும்.

சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வளர்ப்பில் வெட்டிய துண்டுகளை, ஃபிராக் என்பார்கள், அவற்றை மட்டும் வாங்குங்கள். சிறிய துண்டு; ஆனால் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, மெல்லப் பெருகும். மீன்களிலும் நிலைமை மாறிவருகிறது. மஞ்சள் டேங்கை ஹவாயில் 2015-இல் முதன்முறையாகத் தொட்டியில் வளர்த்தெடுத்தார்கள். நீல டேங்கை அடுத்த ஆண்டே ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் வளர்த்தார்கள். விற்பவரிடம் "வளர்ப்பா, பிடித்ததா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு வாரம் ஊருக்குப் போகிறேன். புதிதாக வாங்கிய தீனி போடும் இயந்திரத்தைக் கிளம்பும் நாளில் மாட்டிவிட்டால் போதுமா?

கிளம்பும் நாளில் எதையும் புதிதாக மாட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே மாட்டி, அது எவ்வளவு கொட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆவியாகும் நீருக்கான வாளியை நிரப்பி, தினம் எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கிட்டு, இரண்டு வாரத்துக்குப் போதுமா என்று பாருங்கள். பார்த்துக்கொள்ள வருபவரிடம் தீனி டப்பாவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாசத்தில் கொட்டிவிடுவார். கிளம்பும் அன்று காலை ஸ்கிம்மர் கோப்பையைக் காலி செய்து கழுவி மாட்டுங்கள். ஒரு தாளில் "வெப்பம் 24-க்கும் 27-க்கும் இடையில் இருக்க வேண்டும், தாண்டினால் எனக்குப் போன்" என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டுங்கள். பாட்டில்களையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போங்கள்.